மணலிப் பக்கத்து ஜன்னல்

எங்கள் பகுதிப் பள்ளியில் ஒரே ஒரு காரியத்துக்குப் பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்கக் கேட்க வேண்டும். கழிப்பறைக்குப் போகக் கேட்க வேண்டும். பென்சில் சீவக் குப்பைக்கூடை வரை போவதற்கும் கேட்க வேண்டும். மேற்கு ஜன்னலை மூடுவதற்கு மட்டும் கேட்க வேண்டாம். நாற்றம் மூக்கில் பட்டதும் ஜன்னலோரத்துப் பிள்ளை எழுந்து, கதவைச் சாத்தி, கொக்கியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். சுவரோரத்துப் பிள்ளை எழுந்து ட்யூப்லைட்டைப் போடும். பாடம் நிற்காது. ஆசிரியை கரும்பலகையிலிருந்து திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று விசாரித்திருக்கிறேன். எதற்கும் தொடக்கத் தேதி தேடுவது என் சுபாவம். பழைய ஆசிரியைகள் எல்லாரும், தாங்கள் வேலையில் சேரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார்கள். என் மகள் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், ஒரு காலையில், யாரும் சொல்லாமல் எழுந்து போய் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து இட்லியைத் தொடர்ந்தாள். அகரம் படிக்கும் முன்பே அவள் படித்த பாடம் அது.

பள்ளி திருவொற்றியூரில், நெடுஞ்சாலைக்குச் சற்று உள்ளே இருக்கிறது. நடுநிலைப் பள்ளி. மேற்கே ஆலைகள் நிறைந்த மணலி, கிழக்கே கடல். காலையில் காற்று மேற்கிலிருந்து வரும். வரும்போது சும்மா வராது. நடுப்பகலுக்கு மேல் கடல்காற்று எழுந்து, வந்ததை வந்த வழியே திருப்பி அனுப்பும். அப்போது எங்களுக்கு நிம்மதி, மணலி புதுநகர்க்காரர்களுக்குத் தலைவலி. ஒரே நாற்றத்தை நாங்கள் இரு தரப்பும் ஷிப்ட் முறையில் சுவாசிக்கிறோம். எந்த ஆலையின் நாற்றம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புகைபோக்கிகள் பல, விசாரிக்கப் போனால் ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதைக் கைகாட்டும். பிள்ளைகள் அந்த ஆராய்ச்சிக்குப் போகவில்லை, பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். அழுகிய வாடை என்றால் 'முட்டை'. இனிப்பாக வந்து நெற்றிப்பொட்டில் குத்துவது 'பாலிஷ்'. தொண்டையைச் சுரண்டுவது 'பட்டாசு'.

எனக்குப் பள்ளிக்கு எதிரே எழுதுபொருள் கடை. அப்பா தெற்கிலிருந்து வந்து போட்ட கடை என்பதால் இந்தத் தெருவுக்கு நானும் அண்ணாச்சிதான். மகள் படித்து முடித்து வெளியேறிய பிறகும் பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னை வைத்துக்கொண்டார்கள். கடையில் ஆள் இல்லாத நேரங்களில் புத்தகமும் கையுமாக இருப்பவன், தேதி கேட்டால் சொல்பவன் என்பது என் தகுதி. இங்கே எழுதப்போகும் சம்பவத்துக்கும் என்னால் தேதி சொல்ல முடியும். சொன்னால் எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். அதனால் ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பள்ளியின் மாடியில் ஏழாம் வகுப்பு. கீழே இருப்பது காங்கிரீட் கட்டடம். மாடியில் பிற்காலத்தில் எழுப்பிய அந்த ஓர் அறைக்குச் சிமெண்ட் ஷீட் கூரை. வெயில் ஏறினால் ஷீட்டின் கீழே ரொட்டி சுடலாம். ஜன்னலை மூடினால் வேக்காடு, திறந்தால் இழுப்பு. இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் பின்னம் படித்தார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்கு உண்மையிலேயே இழுப்பு இருந்தது. அவளுடைய அம்மாதான் எங்கள் குழுவின் தலைவி. காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை. விடியும் முன் போய்விட்டு வந்து, இறால் ஓடு கிழித்த விரல் நுனிகளில் மஞ்சள் தேய்த்தபடியே கூட்டத்துக்கு வருவார். அந்த ஆண்டு பள்ளி திறந்ததிலிருந்து இரண்டு முறை அந்தப் பெண்ணை வகுப்பிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. புகையும் ஆகாது, புழுக்கமும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆனி மாதக் கூட்டத்தில் தலைவி எங்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சேதி சொன்னார். "இன்னா பண்ணுவீங்களோ தெரியாது. அந்த ஷீட்டுக்கு ஒரு வழி பண்ணு மிஸ்ஸு. இல்லாங்காட்டி எம்பொண்ண நிறுத்திடுவேன். படிப்பா உசுரானு கேட்டா நான் இன்னா சொல்றது? என்னோட வந்து எறா உரிக்கட்டும். அங்கனயாவது கடல் காத்து கீது."

தலைமையாசிரியையைப் பிள்ளைகளும் பெற்றோரும் 'பெரிய மிஸ்' என்றுதான் அழைப்பார்கள். ஷீட்டை மாற்றச் சொல்லி அவர் ஏறாத படி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு படியிலும் நிதி வரட்டும் என்றார்கள்.

அப்போதுதான் அந்த அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. காலநிலைக்காகப் பள்ளிகளைத் தயார்செய்யும் திட்டம். பள்ளிகளை நேரில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். போதுமான மதிப்பெண் எடுத்த பள்ளிகளுக்கு வெப்பம் இறங்காத கூரை போட்டுத் தருவார்கள். பணம் தருவது ஒரு தொழிற்சாலை. எந்தத் தொழிற்சாலை என்று எழுதப்போவதில்லை. மேற்கிலிருந்து காற்றடிக்கும்போது அதன் சங்கொலி எங்கள் தெருவில் கேட்கும் என்பதோடு விடுகிறேன்.

"நாத்தம் குடுக்குறவனே கூரயும் குடுக்குறானா?" என்றார் குழுவில் இருந்த ஆட்டோ ஓட்டும் தகப்பன் ஒருவர்.

"எவன் குடுத்தா இன்னா நைனா? கூர கூரதானே," என்றார் தலைவி. "உனுக்கு வோணாம்னா உன் ஆட்டோவுக்கு டாப்பு போடாத ஓட்டு."

பார்வையிட வருவதற்கு இரண்டு நேரங்கள் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை காலை பத்து மணி, அல்லது அதே நாள் மதியம் ஒரு மணி. எது வசதி என்று பெரிய மிஸ் குழுவைக் கேட்டார்.

"பொதங்கெழம பன்னெண்டுலேந்து ஒன்ற வரிக்கும் ராவுகாலம்," என்றார் தலைவி உடனே. "நல்ல காரியம் கேக்கசொல்ல ராவுகாலத்துலயா மிஸ்ஸு?"

"நான் அதெல்லாம் பாக்கிறதில்லம்மா. சர்ச்சுக்குப் போறவ."

"நீங்க பாக்க வோணாம். உங்களுக்கும் சேத்து நாங்க பாக்குறோம். அண்ணாச்சி, காலண்டர பாரு."

பார்த்தேன். தாளில் அப்படித்தான் இருந்தது.

"ராவுகாலத்துல வண்டிய எடுத்தா மொத சிக்னல்லயே போலீஸ் மடக்குவான்," என்று ஆட்டோக்காரரும் சேர்ந்துகொண்டார். "பத்து மணி போடு மிஸ்ஸு. ஷோக்கா கீது."

பத்து மணி என்று முடிவாயிற்று. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் காற்றைத் தெரியும். ஆடியில் மேல்காற்று எவ்வளவு நேரம் விடாப்பிடியாக நிற்கும், கடல்காற்று எவ்வளவு தாமதமாக வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. நல்ல நேரம் பார்த்துத் திருப்தியாகக் கலைந்தோம்.

மதிப்பெண் எதற்கெல்லாம் என்று முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். மக்கும் குப்பைக்குக் குழி உண்டா, மழைநீர்த் தொட்டி உண்டா, குழாய் ஒழுகுகிறதா என்றெல்லாம் இருந்தது. அவற்றில் எங்களுக்குப் பயமில்லை. சத்துணவு மிச்சத்தையும் காய்த்தோலையும் போட்டு வைத்த குழியிலிருந்து அள்ளிய உரத்தில் பள்ளிக்குப் பின்னால் கீரை வளர்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண் மின்சாரத்துக்கு. பகலில் வகுப்பறை விளக்குகள் எரிகின்றனவா? ஜன்னல்கள் திறந்து, இயற்கையான வெளிச்சமும் காற்றும் வருகின்றனவா? ஆம் அல்லது இல்லை. ஏன் என்று எழுத இடமில்லை.

பெரிய மிஸ் அதை இரண்டு முறை படித்தார். செவ்வாய்க்கிழமை காலை வணக்கத்தில் பிள்ளைகளிடம் சொன்னார்: "நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. அவங்க போற வரைக்கும் யாரும் மணலி ஜன்னலத் தொடக் கூடாது. லைட்டும் போடக் கூடாது."

வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "முட்ட வந்தாலுமா மிஸ்?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மிஸ் சிரிக்கவில்லை. "வந்தாலும்," என்றார்.

புதன்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஓர் இளைஞர், ஓர் இளம்பெண். நகரத்தின் தெற்கு முனையிலிருந்து காரில் வந்திருந்தார்கள். மரியாதையான பிள்ளைகள், அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கூடவே ஒரு பேனரைக் கொண்டுவந்து வாசலில் கட்டினார்கள். 'பூமியைக் காப்போம், நம் வகுப்பறையிலிருந்து தொடங்குவோம்.' கீழே தொழிற்சாலையின் முத்திரை, எழுத்துகளைவிடப் பெரிதாக. பேனர் ஃபிளெக்ஸில் அடித்தது.

உரக்குழியைப் பார்த்து இளம்பெண் மகிழ்ந்துபோனார். கீரைப் பாத்தியைப் படம் எடுத்தார். இளைஞர் ஒவ்வொரு குழாயாகத் திருகிப் பார்த்தார், ஒன்றும் ஒழுகவில்லை. கையிலிருந்த டேப்லெட்டில் அவர் விரல் படப்பட தலைவி என்னை முழங்கையால் இடித்தார். "விழுவுது அண்ணாச்சி, விழுவுது மார்க்கு."

பிறகு மாடிக்கு ஏறினோம். ஏழாம் வகுப்பின் ஜன்னல்கள் முழுக்கத் திறந்திருந்தன. விளக்கு எரியவில்லை. காலையில் அந்த அறையை அவ்வளவு வெளிச்சமாக நான் பார்த்ததே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் ஓவியங்களுக்கு நிறம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. நானும் தலைவியும் வராந்தாவில் நின்றோம். உள்ளே பெரிய மிஸ், கணக்கு ஆசிரியை, வந்தவர்கள். இளைஞர் திருப்தியாக டேப்லெட்டை உயர்த்தினார்.

அந்த நேரத்தில் வந்தது. முதலில் லேசாக, பக்கத்துத் தெருவில் யாரோ எதையோ எரிப்பதுபோல. பிறகு காற்று ஒரு தள்ளு தள்ளியது. அறை முழுக்க முட்டை.

ஒரு பிள்ளையும் அசையவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்துப் பையனின் கை மட்டும் பாதி உயர்ந்து, மேசைக்கே திரும்பியது. எல்லாக் கண்களும் பெரிய மிஸ் மேல். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவியின் மகள் இரண்டாவது பெஞ்சில் துப்பட்டாவை மூக்கில் வைத்தாள். அவள் தோள்கள் ஏறி இறங்குவதை வராந்தாவிலிருந்தே பார்க்க முடிந்தது. என் பக்கத்தில் தலைவி மஞ்சள் விரல்களால் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூரை அவர் கேட்டதுதான். வாயைத் திறந்து ஜன்னலை மூடச் சொன்னால் கூரை போய்விடும். சொல்லாவிட்டால் மகளின் மூச்சு.

கீழேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு டப். ஒன்றாம் வகுப்பு. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு விருந்தாளியும் தெரியாது, மதிப்பெண்ணும் தெரியாது. நாற்றம் வந்தால் ஜன்னலை மூட வேண்டும் என்பது தெரியும். மூடினார்கள். அடுத்து இரண்டாம் வகுப்பு, மூன்று, நான்கு. ஒவ்வொரு அறையாகக் கதவுகள் சாத்தும் சத்தமும் கொக்கிகள் விழும் சத்தமும் கட்டடத்தின் நீளத்துக்கு ஓடி வந்தன. அதைக் கேட்டதும் ஏழாம் வகுப்பு எழுந்தது. ஆளுக்கொரு கதவு. டப டபவென்று அடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அறை இருண்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"யார் இப்ப மூடச் சொன்னது?" என்று கேட்டார் இளைஞர். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார்.

"யாரும் சொல்லல சார். முட்ட வந்துச்சு," என்றான் ஜன்னலோரத்துப் பையன்.

இளைஞர் இருமினார். டேப்லெட்டைப் பார்த்தார். பெரிய மிஸ்ஸைப் பார்த்தார். "சாரி மேடம். நான் பாத்ததத்தானே போட முடியும்," என்று விரலை அழுத்தினார். ஜன்னல்: இல்லை. விளக்கு: ஆம்.

காலையிலிருந்து அவர்கள் பின்னாலேயே பவ்யமாக நடந்துகொண்டிருந்த பெரிய மிஸ்ஸின் முகம் அப்போது மாறியது.

"அப்ப முழுசா பாருங்க," என்றார்.

"மேடம்?"

"முழுசா பாத்துட்டுப் போடுங்க. இப்ப கீழ போகாதீங்க, வெளியில இதவிட ஜாஸ்தியா இருக்கும். உக்காருங்க."

தலைவி உள்ளே வந்து, கடைசி பெஞ்சை முந்தானையால் தட்டினார். "குந்துங்க சார். குந்தும்மா. எங்க பசங்க டெய்லி எப்டி குந்தினு கீதோ அப்டி. காத்து திரும்பட்டும், நானே கார் வரிக்கும் கொண்டாந்து உடுறேன்." சொல்லிவிட்டு மகளிடம் போய் முதுகைத் தடவிக்கொடுத்தார். பக்கத்திலிருந்த தோழி பையிலிருந்து மருந்துக்குழலை எடுத்துக் குலுக்கி நீட்டினாள். அதற்கும் அந்த வகுப்பில் யாரும் அனுமதி கேட்பதில்லை.

அவர்கள் உட்கார்ந்தார்கள். கணக்கு ஆசிரியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மேலே ஷீட் காய ஆரம்பித்தது. மின்விசிறி சுற்றியது, சூட்டைக் கலக்கிக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. இளைஞரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இளம்பெண் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டார். ஒரு சிறுமி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"தினமும் இப்படித்தானா?" என்று இளம்பெண் அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்லக்கா," என்றாள் சிறுமி. "ஞாயித்துக்கெழம லீவு."

நடுப்பகல் தாண்டி, நாங்கள் அஞ்சி ஒதுக்கிய ராகுகாலத்தின் நட்டநடுவில், காற்று திரும்பியது. வராந்தாப் பக்கம் இருந்த பையன் தலையைத் தூக்கி, "வந்துட்ச்சு," என்றான். பிள்ளைகள் எழுந்து ஜன்னல்களைத் திறந்தார்கள். சுவரோரத்துப் பிள்ளை விளக்கை அணைத்தது. உப்பு வாசனையோடு காற்று அறையைக் கழுவியது.

"அய்யய்யோ," என்று தலைவி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒரு மணிக்கு வரச் சொல்லிக்கலாமே! நம்ம தலைல நாமளே மண்ண போட்டுக்கினோமே அண்ணாச்சி!"

பெரிய மிஸ் இளைஞரிடம் திரும்பினார். "ஜன்னல் திறந்திருக்கு. விளக்கு எரியல. இப்ப போடுங்க மார்க்கு."

அவர் நெளிந்தார். "லாக் ஆயிடுச்சு மேடம். ஒரு தடவ அனுப்பிட்டா திருத்த முடியாது."

"காரணமாவது எழுதுங்க."

"அதுக்கு இடம் இல்ல மேடம்."

இளம்பெண் மட்டும் படியிறங்கும்போது, தான் தனியாக அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதியிருப்பார் என்றே நம்புகிறேன். எழுதி என்ன ஆயிற்று என்பது புரட்டாசியில் தெரிந்தது.

பார்சல் என் கடைக்குத்தான் வந்தது. பள்ளிக்கு அன்று பிற்பகல் விடுமுறை. பங்கேற்றதற்கு ஒரு சான்றிதழ். ஒரு கட்டு ஸ்டிக்கர்: 'வெளிச்சம் இருக்க விளக்கு எதற்கு? ஜன்னலைத் திற!' அதன் கீழே சிரிக்கும் பூமிப்பந்தும் தொழிற்சாலை முத்திரையும். கூடவே ஒரு கடிதம். மின்சாரச் சிக்கனத்தில் எங்கள் பள்ளி பின்தங்கியிருப்பதால், இயற்கைக் காற்றோட்டத்தின் நன்மைகள் பற்றி ஆசிரியைகளுக்கு அரைநாள் இலவச வகுப்பு எடுப்பார்களாம். கூரை வேறு பள்ளிகளுக்குப் போயிற்று. அவற்றில் ஒன்றின் படத்தையும் வைத்திருந்தார்கள். மரங்கள் சூழ்ந்த காங்கிரீட் கட்டடம். அதன்மேல் வெள்ளைப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பள்ளிகள் இந்தப் பூமிக்காகத் தங்களால் ஆனதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. உரக்குழி நல்லது. மழைநீர்த் தொட்டி நல்லது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்த நீரில் கால் வைத்து நண்டு பிடிப்பவர்களின் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை என்றாலும், சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். என் வயிற்றெரிச்சல் வேறு. புகையை விடுகிறவர்கள் ஒரு தராசு செய்கிறார்கள். அந்தத் தராசைக் கொண்டுவந்து, புகைக்கு அஞ்சி ஜன்னலை மூடும் பிள்ளையின் முன்னால் வைத்து, நீ ஒரு ட்யூப்லைட் எரித்தாய் என்று எடை போடுகிறார்கள். ஆலையின் உச்சியில் இரவு முழுக்க வானத்தைச் சிவப்பாக்கி எரியும் தீச்சுடருக்கு அந்தத் தராசில் தட்டு இல்லை. தொழில் நகரங்களின் வரலாறுகளைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். எந்த நாடானாலும், புகைக்குக் கீழே குடியிருப்பவனிடம்தான் முதலில் வந்து, முகத்தைக் கழுவு என்கிறார்கள். படித்ததுதான். ஆனால் என் கடை மேசைமேல் அது ஸ்டிக்கர் கட்டாக வந்து இறங்கியபோது, படித்த நிதானம் ஒன்றும் உதவவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அன்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் குழு கூடியது. பெரிய மிஸ் கடிதத்தை வாசித்தார். தலைவி கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் முறை.

"ஆக மிஸ்ஸு, கூர இல்ல."

"இப்போதைக்கு இல்லம்மா. வேற எங்கயாவது கேப்போம். கொஞ்சம் டைம் குடுங்க."

"நான் குடுப்பேன். அவ மூச்சு குடுக்குமா?" தலைவி எழுந்தார். "தீபாவளி வரிக்கும் நிறுத்துறேன். அப்பால பாக்கலாம்."

தீபாவளி வரை என்று நிறுத்தப்பட்ட பெண்கள் தீபாவளிக்குப் பிறகு வந்ததில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"அவசரப்படாதம்மா. உக்காரு. இங்க உக்காந்து நிதானமாப் பேசுவோம்," என்றார் பெரிய மிஸ்.

"இங்க குந்தி பேசறதுக்கு இன்னா மிஸ்ஸு? உங்க ரூம்பு ஜில்லுனு கீது. மணலி ஜன்னலே கெடையாது. மேல காங்கிரீட்டு, அதுக்கு மேல ரூம்பு. இங்க குந்தினா நானும் நாள் பூரா நிதானமா பேசுவேன்."

குத்தலாகச் சொன்னதுதான். சொல்லிவிட்டு தலைவியே சற்றுச் சங்கடப்பட்டார். பெரிய மிஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். உண்மைதான். பள்ளியிலேயே நல்ல அறை அது. கதவும் ஜன்னலும் கடல் பக்கம். மேற்கே கெட்டிச் சுவர். எல்லாப் பள்ளிகளிலும் நல்ல அறை தலைமைக்குத்தானே. அதில் தப்பு இருப்பதாக நானும் அதுவரை நினைத்ததில்லை.

"பக்கத்துல ஸ்டோர் ரூமுக்கு நடுவுல இருக்கிறது பலகைத் தடுப்புதானே?" என்று கேட்டார் பெரிய மிஸ், யாரையும் குறிப்பிட்டுக் கேட்காமல்.

"ஆமா," என்றார் ஆட்டோக்காரர். "ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தா போதும்."

"சனிக்கிழமை கொண்டு வாங்க."

சனிக்கிழமை தடுப்பைக் கழற்றினோம். நானும் ஆட்டோக்காரரும் இன்னும் இரண்டு தகப்பன்மார்களும் சேர்ந்து பீரோவையும் மேசையையும் மாடிக்கு ஏற்றினோம். பீரோ திருப்பத்தில் மாட்டிக்கொண்டபோது ஆட்டோக்காரர், "மிஸ்ஸு, இதுக்குள்ள இன்னா அண்ணாச்சிய வெச்சினுகீறீங்களா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். ஏழாம் வகுப்பின் பெஞ்சுகள் கீழே, இரண்டும் ஒன்றான அந்த அறைக்கு இறங்கின. கொஞ்சம் நெருக்கம்தான், பின்வரிசைப் பிள்ளைகள் சுவரில் முதுகு உரசி உட்கார வேண்டும். மாடியில் ஷீட்டின் கீழே, மணலி ஜன்னலுக்கு முன்னால், பெரிய மிஸ்ஸின் நாற்காலி. அவருக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு. அதைப் பற்றி யாராவது பேசினால், "கடல் காத்து வந்ததும் சரியாயிடும்," என்பார்.

திங்கட்கிழமை தலைவியின் மகள் வந்தாள். இழுப்பு நின்றுவிடவில்லை, ஒரு மாடி இறங்கினால் நிற்கிற நோயா அது? ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கவில்லை. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. இறால் உரிக்க அவள் போகவில்லை. கூரை இன்னமும் அதே கூரைதான். ஒரு கொடுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினோம், அவ்வளவே. அதைச் சாதனை என்று எழுத எனக்குக் கூசுகிறது.

ஒன்று மட்டும் மாறியது. பள்ளிக்கு வருகிற அதிகாரி, நன்கொடையாளர், சொற்பொழிவாளர் எல்லாரும் இப்போது மாடி ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது.

பங்குனியில், முழு ஆண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்பு, அறக்கட்டளையிலிருந்து ஒருவர் வந்தார். இந்த முறை இளைஞர்கள் இல்லை, மேலாளர். முழுக்கைச் சட்டை, கையில் புதிய பேனர் சுருள். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எங்கள் பள்ளி கட்டாயம் சேர வேண்டும், பிள்ளைகள் காலநிலை உறுதிமொழி எடுக்கும் விழா ஒன்று நடத்த வேண்டும் என்றார். காலை நேரம். குழுவின் சார்பில் நானும் மாடியில் இருந்தேன். ஜன்னல்கள் அடைத்திருந்தன. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் சுவிட்சுக்கு மேலே அவர்களுடைய ஸ்டிக்கரை யாரோ ஒழுங்காக ஒட்டியிருந்தார்கள்.

மேலாளர் அதைக் கவனித்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு புன்னகைத்தார். "பகல்லயே லைட்டா மேடம்? ஜன்னலத் திறக்கலாமே."

"தாராளமா," என்றார் பெரிய மிஸ். எழுந்து விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மேலாளர் போய்க் கொக்கியைத் தூக்கி இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார். வெளிச்சம் மேசை வரை வந்தது. அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, உறுதிமொழி வாசகத்தைப் பையிலிருந்து எடுத்தார். அன்று 'பாலிஷ்'. முதலில் அவர் மூக்கைச் சுளித்தார். இரண்டு வரி படித்தார். நெற்றிப்பொட்டைத் தேய்த்தார். என்னைப் பார்த்தார், பெரிய மிஸ்ஸைப் பார்த்தார். நாங்கள் இருவரும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தோம்.

அவர் எழுந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் போய், ஜன்னலைச் சாத்தி, கொக்கியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பெரிய மிஸ் எழுந்து ட்யூப்லைட்டைப் போட்டார்.